கடல் மட்டும் கடைசியில்

என் வீட்டுக்காரர் நேமிராஜ் செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. மண்டி வேலையாக அடிக்கடி பாண்டிச்சேரி போய் வருவார். வந்துவிட்டால் ஒரு வாரத்துக்குக் கடைக்கு வருகிறவர்களை விடமாட்டார். அங்கே தெருவெல்லாம் கோடு கிழித்த மாதிரி நேராக இருக்குமாம். போலீஸ்காரன் சிவப்புத் தொப்பி போட்டிருப்பானாம். காற்று வாங்குவதற்கென்றே மெட்ராஸ்காரர்கள் வந்து ரூம் எடுத்துத் தங்குவார்களாம். கடல் எப்படி என்று கேட்டால் மட்டும், "அத நேர்ல பாத்தாத்தான் தெரியும்" என்று முடித்துவிடுவார்.

எனக்கு வேண்டியது அந்தக் கடல்தான். பிறந்ததும் செஞ்சி, வாழ்க்கைப்பட்டதும் செஞ்சி. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. வருஷக்கணக்கில் நச்சரித்த பிறகு, அறுபத்தைந்தாம் வருஷம் தை மாசத்தில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கடல் எங்கே என்று கேட்டேன். நல்லதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்றார். மார்க்கெட்டைக் காட்டினார், ரயில்வே ஸ்டேஷனைக் காட்டினார், ஒரு பூங்காவைச் சுற்றி இரண்டு தடவை நடக்கவைத்தார். போதாததற்கு ஒவ்வொரு மண்டியிலும் நின்று நலம் விசாரிப்பு. சிவப்புத் தொப்பிக்காரனைக் கண்டபோது, நான்தான் சொன்னேனே என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்குக் கால் வலியில் அழுகை வந்தது.

வெயில் இறங்கியதும் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்று மூட்டையில் கை வைத்தார். நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதும் பஸ்ஸுக்குப் போக நேரம் சரியாக இருக்கும், கடலை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எழுந்துவிட்டேன்.

"நீங்க சாப்புடுங்க. எனக்குச் சோறு வேணாம். கடல் எந்தப் பக்கம், அத மட்டும் சொல்லுங்க."

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வாசலில் பூ விற்ற அம்மாள்தான் கையைக் காட்டினாள். நான் விடுவிடுவென்று நடந்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடி வந்தார்.

தெரு முடிந்தது. அதற்குமேல் தண்ணீர்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு பாறைகூட இல்லை.

"இவ்ளோ பெருசாவா இருக்குது?" என்றார் அவர்.

நான் திரும்பினேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"இன்னாங்க, நீங்க இதுக்கு முன்ன பாத்ததே இல்லியா?"

"மண்டி வேல முடியறதுக்குள்ள பொழுது எறங்கிடுது. சாப்ட ஒக்காந்தா, எந்திரிக்கறப்ப பஸ் நேரம்."

இத்தனை வருஷம் அளந்ததை நினைத்தால் இவரை என்ன செய்தால் தகும் என்றிருந்தது. பாவமாகவும் இருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் மறைந்துவிட்டது. மூட்டை அவிழ்க்காமலே அவர் கையில் இருந்தது. இனி இரண்டு பேருக்கும் விடியும்வரை பட்டினிதான்.

பஸ் போய்விடும் என்றேன்.

"போவட்டும்" என்று மணலில் உட்கார்ந்தார்.