ஏழாவது மாடியின் நிழல்

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் நிழல், கட்டடத்துக்கு மூன்று வருடம் முன்னதாகவே அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. மூடிப்போன பிஸ்கட் ஆலையின் வெற்று மனையில் இருநூற்று நாற்பது வீடுகள் வரப்போவதாக அறிவிப்புப் பலகை நட்டது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் மாலை நாலு மணிக்கு, ஒரு செங்கல்கூட இல்லாத இடத்திலிருந்து நிழல் புறப்பட்டு, மதிலேறி இறங்கி, தெருவைத் தாண்டிப் படர்ந்தது. ஆறு மணிக்கு மற்ற நிழல்களோடு அதுவும் போய்விட்டது. முதல் வாரம் தெருவே வாசலில் நின்று பார்த்தது. இரண்டாம் வாரம் பழவண்டிக்காரர் வண்டியை அதற்குள் தள்ளிக்கொண்டார். மூன்றாம் வாரம், துணி காயவில்லை என்ற புகார் தொடங்கியது.

வீட்டுக்கு வீடு ஒரு கவலை. மாடிவீட்டுக்காரருக்கு, குழாயில் தண்ணீர் ஏறாதே என்று. மருந்துக்கடைக்காரருக்கு, வண்டி நிறுத்த இடம் போய்விடுமே என்று. அவரிடம் வண்டியே இல்லை. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டருக்கு, முன்பின் தெரியாத இருநூற்று நாற்பது குடும்பங்களுக்கும் தினம் வணக்கம் சொல்லியாக வேண்டுமே என்று. ஆட்சேபனை மனுவை அவர்தான் எழுதினார். நிழலில் பால்கனிகள் வரிவரியாகத் தெரிந்ததால், சாக்பீஸோடு குனிந்து, விழுந்த இடமெல்லாம் மாடி எண் போட்டு அதையும் சாட்சியத்தில் சேர்த்தார். தெருவுக்கே துணி தைத்துக் கொடுக்கும் தையலக்காவின் முன்னறைச் சுவருக்கு வந்தது ஏழு. மனுவின் முதல் கையெழுத்தும் அவளுடையதுதான். நாலு மணி வெளிச்சத்தில்தான் அவள் சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுப்பாள். அதைப் பிடுங்கினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எல்லோரும் ஒற்றுமையாக நின்றால் கட்டடத்தை நாலு மாடியோடு நிறுத்திவிடலாம் என்று ஹெட்மாஸ்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

அவளுடைய ஒரே மகள் கல்யாணமாகி ஐந்து வருடமாக நகரத்தின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், ஜன்னலில்லாத ஒற்றை அறையில் குடியிருந்தாள். தொட்டில் போட இடமில்லாத அறையில் குழந்தை எதுக்கும்மா என்று போனில் சிரிப்பாள். போனை வைத்த பிறகு அம்மா சிரிக்கமாட்டாள். ஆனாலும் கையெழுத்துப் போடும்போது மகளின் நினைவு தனக்கு வரவேயில்லை என்பது பின்னால் அவளை வெகுநாள் உறுத்தியது.

ஒரு புதன்கிழமை மாலை, சுவரில் விழுந்த நிழலில் ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்றில் சின்னக் கவுன் ஒன்று நழுவியது. அதன் நிழல் சுவரில் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டபோது, கவுன் தையல் மெஷினின் மேல் வந்து விழுந்தது. இன்னும் ஈரம் போகவில்லை. எந்தத் துணி கைக்கு வந்தாலும் செய்வதுபோல தையலக்கா அதை உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலுக்குள் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தது. குழந்தை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று அவ்வளவு தாராளமாகத் துணி விடுவது அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அவள் தைத்த கவுன். இன்னும் தைக்காத கவுன். ஒருமுறை பிரித்து விட்டிருந்த தடமும் இருந்தது, ஆக குழந்தை நன்றாகத்தான் வளர்கிறது. பிரித்த இடத்தில் கோணல்மாணலாக ஓடியது கைத்தையல், எத்தனை சொல்லிக்கொடுத்தும் ஊசி பிடிக்க வராத அவள் மகளின் கை.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால், எல்லோரும் பேசி முடித்த பிறகு தையலக்கா எழுந்தாள்.

“என் கையெழுத்தை அடிச்சிடுங்க சார். ஏழாவது மாடியில என் பொண்ணு இருக்கா.”

“முதல் ஆளா கையெழுத்துப் போட்டுட்டு இப்படிக் காலை வாருறீங்களேம்மா” என்றார் ஹெட்மாஸ்டர்.

“அப்ப அங்க யார் இருக்காங்கன்னு பார்க்கலை சார்.”

அதிகாரி கவுனை வாங்கி, ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றாள். ஏழாவது மாடியில் ஒரு குடும்பம் ஏற்கெனவே குடியிருப்பதாகவும், மாற்றிடம் தராமல் அவர்களைக் காலிசெய்யவைக்க விதியில் இடமில்லை என்றும் எழுதி, பன்னிரண்டு மாடிகளையும் அப்படியே விட்டுவிட்டார். ஹெட்மாஸ்டர் இரண்டு நாள் தையலக்காவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டன் அறுந்த சட்டையோடு வந்து, எட்டாவது வரியில் ஒருவர் தினமும் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார், ஆள் பேச்சுத்துணைக்கு ஆவார் போலத்தான் தெரிகிறது என்றார்.

விசாரணை முடிந்த அன்றே தையலக்கா மகளுக்குப் போன் போட்டு, உடனே விண்ணப்பம் கொடு, ஏழாவது மாடியாகக் கேள் என்றாள்.

“அங்க இன்னும் குழிகூடத் தோண்டலையேம்மா.”

“அது அவங்க பாடு. நீ துணி காயப்போட்டா கிளிப்பு போடுடி. அங்க காத்து ஜாஸ்தி.”

சரிம்மா என்றாள் மகள். மறுநாள் நாலு மணிக்குச் சுவரில், கொடியின் ஒவ்வொரு துணிக்கும் இரண்டிரண்டு கிளிப்பின் நிழல் இருந்தது.