அம்மா சாப்பிட்டு எழும்பும் வரை

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் இருக்கும் அந்த அலுவலகத்தில் என் மனிசி யோகாம்பாள் சாகும்வரை கூட்டித் துடைத்தாள். இப்போது அதே அறையில் என் மகள் நிலக்ஷிக்கு மேசையும் கதிரையும் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிற வேலை. சும்மா கிடைக்கிற கதிரையை நான் நம்புகிறவன் இல்லை.

அவளால் அதில் இருக்க முடியவில்லை. சின்ன வயதில் தாயோடு அங்கே போய் நிற்பாள். "அவையின்ரை கதிரையிலை இருக்காதை பிள்ளை" என்று தாய் சொல்லிக்கொண்டேயிருப்பாள். இப்போது இருந்தவுடன் அந்தக் குரல் கேட்கிறதாம். எழும்பிவிடுகிறாள். நிற்கிறவளைக் கண்டால் மற்றவர்கள் கோப்பி கொண்டுவரச் சொல்கிறார்கள். வேலை பழகிப் பார்க்கிற தவணை வெள்ளியோடு முடிகிறது. இப்படியே நின்றால் வைத்திருக்க மாட்டேன் என்று மேலாளர் கத்தரீனா சொல்லிவிட்டாள்.

"விட்டிட்டு வா. வீடு துடைச்சும் சீவிக்கலாம்" என்றேன்.

"அம்மாவும் அதைத்தான் சொல்லுறா. நீங்களுமோ?"

வெள்ளிக்கிழமை யோகாம்பாளின் திவசம். நிலக்ஷி வீட்டில் படைக்கவில்லை. சமைத்ததைத் தூக்கிக்கொண்டு விடிய வேலைக்குப் போனாள். அந்தக் கட்டடத்துப் படி துடைப்பவன் நான், பின்னாலேயே போனேன். தன் கதிரைக்கு முன்னால் மேசையில் இலை போட்டுச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தேத்தண்ணியும் வைத்தாள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வீட்டில் சாத்துவதுபோலக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள்.

"இது ஆரின்ரை இடமெண்டு நினைச்சனி?" என்று கேட்டேன்.

"அம்மா துடைச்ச இடம்."

அப்போதுதான் கத்தரீனா வந்தாள். நிலக்ஷி கதவை மறித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கள், சிஞ்ஞோரா. உள்ளே அம்மா சாப்பிடுகிறா" என்று இத்தாலியனில் சொன்னாள்.

"உன் அம்மா இறந்துவிட்டாளே."

"ஓம். அதனால்தான் பொறுக்கச் சொல்கிறேன்."

வேலை போச்சு என்று நினைத்தேன். உள்ளே கதிரைக் கால் தரையில் இழுபட்டது. மூன்று பேருக்கும் கேட்டது. கத்தரீனா கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டாள். இந்த ஊரிலும் செத்தவர்கள் வருவார்கள். நவம்பரில், செத்தவர்களின் நாளில், பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்கள். அவள் சுவரோரமாக ஒதுங்கி, முந்தி யோகாம்பாள் இவர்களுக்கு வழிவிட்டு நிற்கிற மாதிரியே நின்றாள்.

நிலக்ஷி தட்டிவிட்டுத் திறந்தாள். யன்னல் பூட்டியே இருந்தது. சோறு வைத்தபடி கிடந்தது. கதிரை மட்டும், ஆரோ இருந்து எழும்பியதுபோல, மேசையை விட்டு விலகி நின்றது.

அவள் போய் அதில் இருந்தாள். கத்தரீனா உள்ளே வந்தபோதும் எழும்பவில்லை. திங்கட்கிழமை பார்க்க வேண்டிய கணக்குகளை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கத்தரீனா போனாள்.

"கொம்மா என்ன சொல்லுறாள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை." கதிரைக் கையைத் தடவினாள். "சுடுது அப்பா. இப்பதான் எழும்பினவ போலை."