தாயின் பெயர்: பாப்பா

லிப்ட் மெக்கானிக் காலை ஏழு மணியிலிருந்து கட்டிலின்மேல் காகிதங்களைப் பரப்பி, எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மடித்து வைத்திருந்த துணியெல்லாம் நாற்காலிக்குக் குடிபோயிருந்தது. முப்பது வருடம் எட்டு மாடி, பத்து மாடி என்று அந்தரத்தில் நின்று வேலை பார்த்தபோது வராத தலைசுற்றல், விசா அலுவலகத்தின் ஒரே ஒரு கடிதத்தில் வந்துவிட்டது.

வெளிநாட்டில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக அவர் மனைவி விசா கேட்டிருந்தார். உறவுக்குச் சான்றாக மகளின் பிறப்புச் சான்றிதழ் நகலை அனுப்பியிருந்தார்கள். அதில் தாயின் பெயர் ‘பாப்பா’. மனைவியின் பாஸ்போர்ட்டிலோ வேறு பெயர். அப்படியானால் பாப்பா யார், பதினைந்து நாளில் நேரில் வந்து ஆதாரம் கொடுங்கள் என்றது கடிதம்.

பாப்பா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தாறு. பிறந்த வீட்டில் கடைக்குட்டி என்பதால் வந்த செல்லப்பெயர். மெக்கானிக்கும் கல்யாணமான நாளிலிருந்து அதையே பிடித்துக்கொண்டார். மகள் பிறந்த அன்று, “குழந்தையோட அம்மா பேரு?” என்று நர்ஸ் கேட்டபோது, பிரசவ அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் வாயில் அதுதான் வந்தது. நர்ஸும் எழுதிக்கொண்டாள்.

“என் பேரு உங்களுக்கு மறந்தா போச்சு?” என்றார் பாப்பா உள்ளேயிருந்து.

“மறக்கல. அந்த நேரத்துல வரல.”

வெளிநாட்டில் டாக்டர் மகளைப் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். மருமகனுக்கு ஷிப்ட் வேலை. “அம்மா வந்துருவாங்கல்லப்பா?” என்று மகள் தினமும் போனில் கேட்டாள். வருவாள் என்று தினமும் சொன்னார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றச் சொன்னார். மாடிவீட்டு வாத்தியார், சான்றிதழைத்தான் மாற்ற வேண்டும் என்றார். இருவரும் அடித்துச் சொன்னதில் மெக்கானிக்குக்குக் கிழக்கு எது மேற்கு எது என்றே தெரியவில்லை. கடைசியில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பெரிய போர்டு வைத்திருந்த விசா ஏஜெண்டிடம் போய் நின்றார்.

“இதெல்லாம் ஒரு விஷயமா சார்? ரெண்டு நாள்ல புது சர்டிபிகேட்டே குடுத்துடறேன்” என்றார் ஏஜெண்ட். சொன்னபடியே கொடுத்தார். முத்திரை, கையெழுத்து, தாயின் சரியான பெயர், எல்லாம் கச்சிதம். அது எந்த அலுவலகத்தில் போட்ட முத்திரை என்று மெக்கானிக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பாப்பாவோடு விசா மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தபோது மெக்கானிக் பையைத் திறந்தார். இரண்டு சான்றிதழும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தப்பாக இருப்பது அசல். சரியாக இருப்பது போலி. எதைக் கொடுப்பது?

“இது ஏது?” பாப்பா புதியதைக் கையில் எடுத்தார்.

அவர் மென்று விழுங்கிக்கொண்டே சொல்லி முடித்தார். பாப்பா அதைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பழசோட நகல் ஏற்கெனவே இவங்ககிட்ட இருக்கே. நம்ம பொண்ணு பாஸ்போர்ட் எடுத்தப்பவும் பழசைத்தானே குடுத்தா. நாளைக்கு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அவளையும்தானே கேப்பாங்க? வயித்துப் புள்ளக்காரியை ஏங்க மாட்டிவிடறீங்க?”

மகளுக்கு ஆகட்டும் என்று செய்தது மகள் தலையிலேயே விடியும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் பழையதை நீட்டினார். “இதுல பேரு தப்பும்மா. நான்தான் தப்பாச் சொன்னேன். வீட்ல கூப்பிடற பேரைச் சொல்லிட்டேன். என்ன செய்யணும்னு தெரியல.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இவ்வளவுதானா சார்? ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுதான்னு நோட்டரிகிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்க. எப்படித் தப்பாச்சுன்னு உங்க கைப்பட ஒரு கடிதம் எழுதுங்க. கல்யாணச் சான்றிதழையும் வைங்க. போன வாரம் ஒருத்தர் வந்தாரு, அம்மா பேரு இருக்கிற இடத்துல ‘அம்மா’ன்னே இருந்துச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவருக்கும் வழி இருந்துச்சு. போலி கொண்டு வர்றவங்களுக்குத்தான் இல்ல. பத்து வருஷம் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது.”

மெக்கானிக்கின் கை தானாகப் பையை இறுக்கிக்கொண்டது. வெளியே வந்ததும், படியில் நின்றபடியே புதிய சான்றிதழைச் சுக்குநூறாகக் கிழித்தார். அன்று மாலை கடிதம் எழுத உட்கார்ந்தவர் நாலு தாளை வீணடித்தார். நடந்ததை நடந்தபடி எழுதிய ஐந்தாவது தாளை பாப்பா வாங்கிப் படித்துவிட்டு அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தார்.

மூன்று வாரம் கழித்து விசா வந்தது. பிரசவத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏஜெண்ட் போன் செய்தார்.

“கேள்விப்பட்டேன் சார். நம்ம சர்டிபிகேட் வேலை செஞ்சிருச்சு பாத்தீங்களா?”

“அதைக் கிழிச்சு மூணு வாரம் ஆச்சு” என்றார் மெக்கானிக். “தப்பு இருந்த காகிதத்துக்குத்தான் விசா வந்திருக்கு. தப்பை ஒத்துக்கிட்டா திருத்த வழி இருக்குங்க. பொய்யால அதை மறைச்சா, அதைத் திருத்த எந்த ஆபீஸ்லயும் வழி கிடையாது. உங்ககிட்ட அடுத்து வர்ற ஆளுக்கு இதைச் சொல்லி அனுப்புங்க.”