டயருக்குள் இருந்தவள்

தகங்கா விரிகுடாவில் அன்று குப்பை அள்ளும் நாள். முக்குளிக்கும் யோர்லெனிஸ், கடலடியில் புதைந்து கிடந்த லாரி டயரை அரும்பாடுபட்டுக் கிளறிக் கயிறு கட்டினாள். கரையில் நின்றவர்கள் ஆரவாரமாக அதை இழுத்து மணலில் போட்டார்கள்.

டயரைப் புரட்டப்போன படகோட்டி எவேலியோ வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். "ஏய், உள்ள ஒருத்தி உக்காந்திருக்கா!"

ஆக்டோபஸ். அதன் கைகளுக்கு அடியில் அரிசிமணிபோல் முட்டைகள் கொத்துக்கொத்தாய் ஒட்டியிருந்தன.

"காய்ஞ்சா அத்தனையும் போச்சு. எடுத்த இடத்துலயே கொண்டுபோய் வை," என்றார், கரையேறி வந்த யோர்லெனிஸிடம்.

"குப்பையைத் திரும்பக் கடல்ல போடவா அண்ணே நான் வந்தேன்?"

"குப்பையா இல்லையான்னு அவகிட்டயே கேளேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். யோர்லெனிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரச்சாக்கைப் போர்த்தி, டயரை எவேலியோவின் படகில் ஏற்றிப் பழைய இடத்திலேயே இறக்கிவிட்டு, கூடவே தானும் முக்குளித்தாள். ஆக்டோபஸ் முட்டைகளின்மேல் நீரை ஊதத் தொடங்கியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

திரும்பியபோது பக்கத்தில் இன்னொரு டயர் கிடந்தது. குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு. கயிற்றைக் கட்டப் போனாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். முதுகில் கட்டியிருந்த கலனில் காற்று குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் வெறுங்கையோடு மேலே வந்து, கீழே இன்னொரு டயர் கிடப்பதைச் சொன்னாள்.

"அதை என்ன பண்ணப்போற?" என்றார் படகில் இருந்த எவேலியோ.

"தெரியல அண்ணே."

"என்ன தெரியல?"

"எடுக்கணுமா, விடணுமான்னே தெரியல."

எவேலியோ படகின் விளிம்பில் சாய்ந்து தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார். அவருக்கும் ஒரே இருட்டுதான் தெரிந்தது.