அத்தை வைத்த வெடிகுண்டு

அத்தை சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சின்ன மருமகள் வேண்டாத தெய்வம் இல்லை. இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், எட்டு மாதமாக அசையவில்லை. குளியலறை வாளியை எங்கே வைப்பது என்பதிலிருந்து, சின்ன மகன் எந்தச் சட்டையைப் போடுவது என்பது வரை எல்லாம் அவர் கைக்குப் போய்விட்டது.

இன்று ஒருவழியாக மூத்த மகன் வீட்டுக்குப் பறக்கிறார். சிக்கல் என்னவென்றால், அவர் விமானம் ஏற வேண்டிய நிலையத்தில், பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்க்கிற வேலை சின்ன மருமகளுக்கு.

வரிசையில் நின்றபடியே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"செருப்பைக் கழட்டு, வளையலைக் கழட்டுன்னு உயிரை வாங்குறாங்க. அதோ திரைக்கு முன்னாடி உக்காந்திருக்காளே, என் மருமகதான். ஆறு வருஷமா ஊரான் மூட்டையை எட்டிப் பாக்குறா. இதுவரைக்கும் என்ன புடிச்சா தெரியுமா? நகவெட்டி."

பின்னால் நின்றவர் சிரித்தார். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பை தாண்டினால் அத்தையும் தாண்டுவார். அப்புறம் தன் வீட்டில் தானே காலை நீட்டி உட்காரலாம்.

பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போனது. திரையை உற்றுப் பார்த்தாள். நெருக்கி அடுக்கிய கட்டிகள், அவற்றின் மேல் ஒரு கடிகாரம், இரண்டையும் சுற்றி ஒயர். பயிற்சி வகுப்பில் காட்டிய வெடிகுண்டு, அச்சு அசலாக.

உடனே ஒரு நப்பாசை. திரைக்கு முன் இருப்பவர்கள் தூங்கி வழியாமல் இருக்க, யாராவது ஒருவருடைய பைக்குள் பொய் வெடிகுண்டுப் படத்தைக் காட்டி இயந்திரமே சோதிப்பது உண்டு. குண்டு என்று அறிவிக்கும் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் சபாஷ் சொல்லும், படம் மறைந்துவிடும். இதுவும் அதுதான். அழுத்தாமல் விட்டால் வேலை போய்விடும். அப்படிச் சோதனையாக இல்லாவிட்டால்? அத்தை அந்த மாதிரி ஆள் இல்லைதான். ஆனால் மூத்த மருமகள் மேல் அவருக்கு இருக்கும் கோபத்துக்கு யாரும் ஜாமீன் நிற்க முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திறந்து பார்த்தாள். படம் மறையவில்லை.

அவ்வளவுதான். வரிசை கலைந்தது. நாய் வந்தது, பையை முகர்ந்தது, இரண்டு தும்மல் போட்டது. மேலதிகாரி அம்மாள் பையைத் திறந்தார். உள்ளே குளியல் சோப்பு, மணி அடிக்கிற கடிகாரம், இரண்டும் ஆடாமல் இருக்கச் சுற்றிக் கட்டிய போன் சார்ஜர்.

"எதுக்கும்மா இவ்வளவு சோப்பு?"

"மூத்தவ வீட்டு சோப்பு நுரைக்கவே நுரைக்காதுங்க."

"கடிகாரம்?"

"அவளை எழுப்பத்தான். வேற என்னத்துக்கு?"

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் விமானம் போயே போய்விட்டது. மேலதிகாரி மருமகளின் முதுகில் தட்டினார். "சொந்த மாமியார்னுகூடப் பாக்கல. உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் வேணும் நமக்கு."

மருமகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓரத்து நாற்காலியில் சோப்பை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினாள்.

"அத்தை, நாளைக்குக் காலையிலயே இன்னொரு விமானம் இருக்கு. டிக்கெட் நானே போட்டுத் தரேன்."

"வேணாம்மா. பெரியவனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். அங்க தடவி, இங்க தடவி, நாயை வேற விட்டு மோப்பம் புடிச்சு, இவ்வளவு தொல்லைபட்டு அவன் வீட்டுக்கு யாரு போவா? நான் இருக்கிற வரைக்கும் உன்கூடவே இருந்துக்கறேன். உனக்கு வேலை எத்தனை மணிக்கு முடியும்? சேந்தே வீட்டுக்குப் போலாம்."