நீலச் சட்டையின் நூல்

கொழுந்தன் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றான். கார்களுக்குப் பாலிஷ் போடும் கடையை அவனும் என் கணவரும் சேர்ந்து நடத்தினார்கள். அவர் இறந்துபோனதிலிருந்து மூன்று வாரமாக அது பூட்டிக் கிடந்தது.

“நாளைக்கு டாக்டரோட கறுப்பு வண்டி வருது அண்ணி. இது நல்லபடியா போச்சுன்னா பழைய ஆளுங்க திரும்பி வருவாங்க. இல்லன்னா கடைய மூட வேண்டியதுதான்.”

“பைல என்ன?”

“அண்ணன் கடைசியா தொடைச்ச துண்டுங்க. நான் தொவைச்சா மாட்டைக் குளிப்பாட்டுன மாதிரி இருக்கும்னு சொல்வாரு. நீங்க தொவைச்சுக் கொடுங்க.”

பதினொரு வருடம் அவற்றை அவர் என்னைத் தொடவிட்டதில்லை. தன் சட்டையை மடிக்கத் தெரியாத மனிதர், அந்த மைக்ரோஃபைபர் துண்டுகளைப் பச்சைக் குழந்தையைப் போலக் கையாண்டார். கொதிநீர் ஆகாது. வாசனைத் திரவம் ஆகாது, துண்டு நீரை உறிஞ்சாமல் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்கவே கூடாது. அதன் பிசிறை இந்தத் துண்டுகள் பிடித்துக்கொண்டால் விடாது. வண்டியின் மேல்தான் கொண்டுபோய் வைக்கும். அப்படி ஒன்று ஒட்டிவிட்டால் துண்டால் தேய்க்காதே, ஊது என்பார். “பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா சமாதானப்படுத்திக்கலாம். பெயிண்ட்ல கீறல் விழுந்தா அவ்வளவுதான்.”

பையில் துண்டுகளோடு இருந்த பாலிஷ் பேடுகளை முதலில் எடுத்தேன். அந்தப் பஞ்சு வட்டுகளில் பாலிஷ் காய்ந்து வெள்ளையாக இறுகியிருந்தது. குழாயடியில் பிடித்து, அவர் செய்வதுபோல் நடுவிலிருந்து விளிம்புக்குக் கட்டைவிரலால் அழுத்தினேன். பால் போல வந்தது. தண்ணீர் தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். பிழிந்து, நிழலில் சாய்த்து வைத்தேன்.

துண்டுகளை மெஷினில் போடும்போது பையின் அடியில் அவருடைய நீலச் சட்டை கிடந்தது. வேலைக்குப் போடும் பருத்திச் சட்டை. கடைசி நாள் வெக்கையில் கழற்றித் திணித்திருக்க வேண்டும். சேர்த்துப் போடக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இனி அவருக்கென்று துவைக்க வேறு துணி இல்லை. ஒரே ஒரு சட்டைக்காக மெஷினைத் தனியாக ஓடவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. துண்டுகளோடு போட்டு மூடினேன்.

காலையில் கொழுந்தன் ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். நீல நூல்கள், மயிரிழைகள் போல.

“அண்ணி, பருத்தி எதாவது கூடப் போட்டீங்களா?”

கொடியைக் காட்டினேன். அங்கே தொங்கிய நீலச் சட்டையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணன் மட்டும் இருந்திருந்தா...”

“என்னையும் கிளிப் மாட்டிக் கொடில தொங்க விட்டிருப்பாரு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பை விரல்களில் பசை வெளியே தெரியச் சுற்றிக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்து நூல் எடுத்தோம். இருபதில் ஏழு தேறின. அடையாளத்துக்கு மீதியின் மூலைகளைக் கத்தரித்தான். இனி அவை டயர் துடைக்க மட்டும்.

“ஏழ வெச்சு ஒப்பேத்திடுவியா?”

“நாலா மடிச்சா ஒண்ணுக்கு எட்டு முகம். நீங்க வந்து மடிச்சு மடிச்சுக் கொடுங்க. ஒப்பேத்திடலாம்.”

போனேன். அவன் பாலிஷ் போடப் போட மடித்துக் கொடுத்தேன். துடைத்த முகத்தை உள்ளே தள்ளி, அடுத்ததை வெளியே எடுத்து. யாரும் சொல்லித் தராமலே கைக்குத் தெரிந்திருந்தது.

வெயில் சாய்ந்தபோது டாக்டர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்து வந்தார். நான் முன்னால் நின்றேன். பானெட்டின் நடுவில், சாய்ந்த வெளிச்சத்தில், நகமளவு நீல நூல் ஒன்று.

கொழுந்தனும் பார்த்துவிட்டான். அவன் கை துண்டுக்குப் போனது. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

குனிந்தேன். கறுப்புக்குள் என் முகம் தெரிந்தது. அதன் மேல் அந்த நூல். டாக்டரின் செருப்புச் சத்தம் முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. மூச்சை இழுத்தேன். ஊதுவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.