வாக்காளர் பட்டியலில் ஒரு வரி

பால்துரை கோடி வேட்டியை உதறி விரித்தார். முத்துக்கனி குறுக்கே வந்து அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேட்டி வேண்டாம்ணே. அக்காவுக்குச் சேலைதான்."

"அக்காவா? அவன் என் தம்பிளா. கருப்பட்டிக் கடை வச்சிருக்கேன், நாளைக்கு நாலு பேரு மூஞ்சில முழிக்காண்டாமா?"

முற்றத்துப் பலகையில் செண்பகம் கிடந்தாள். விடியும்போது மூச்சு நின்றது. வெயில் ஏறியும் குளிப்பாட்ட ஆளில்லை. ஆணென்றால் ஆண்கள் குளிப்பாட்ட வேண்டும், பெண்ணென்றால் பெண்கள். தெருவில் இரண்டு தரப்பும் தாராளமாகக் கூடியிருந்தது. துக்கம் விசாரிக்க எல்லோருக்கும் வாய் இருந்தது, தண்ணீர் ஊற்ற ஒரு கைகூட நீளவில்லை.

காசிலிங்கம் என்று பேர் வைத்த பிள்ளை பதினெட்டு வயதில் காணாமல் போய், பல வருஷம் கழித்துச் சேலை கட்டிச் செண்பகமாகத் திரும்பி வந்தது. தெரு அவளை என்னவெல்லாம் கூப்பிட்டது என்று இங்கே எழுதி யாருக்கும் புண்ணியமில்லை. ஆத்தா மட்டும் வீட்டை அந்தப் பிள்ளைக்கே எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். தோணியில் உப்பு ஏற்றுகிறவர்களுக்கு இட்லி அவித்துச் செண்பகம் பிழைத்தாள். முத்துக்கனி தாலியறுத்து வந்து நின்றபோது பால்துரை வீட்டில் திடீரென்று இடம் சுருங்கிப் போனது. செண்பகம் ஒரு கேள்வி கேட்காமல் பாயை விரித்துப் போட்டாள்.

வீட்டுத் தீர்வை கட்டியதால் நாற்பத்தாறாம் வருஷத் தேர்தலில் அவளுக்கு ஓட்டு இருந்தது. கதர்ச் சேலை உடுத்திப் பெண்கள் வரிசையில் போய் நின்றாள். பட்டியலில் காசிலிங்கம் என்றுதான் இருக்கிறது என்று போலீஸ்காரன் அவளை ஆண்கள் வரிசைக்கு இழுத்துவிட்டான். இரண்டு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் சிரிப்பு. அசையாமல் நின்று, கட்சிக்கொரு நிறமாக வைத்திருந்த பெட்டிகளில் காங்கிரசின் மஞ்சள் பெட்டியில் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, மாவாட்ட உட்கார்ந்தாள்.

அவள் சிநேகிதி கோமளவல்லிக்கு அது பொறுக்கவில்லை. செண்பகத்தைப் போலவே சேலை கட்டிக்கொண்டு வீட்டை விட்டு வந்தவள். உப்பளத்துச் சங்கத்தின் செங்கொடிப் பக்கம் சாய்ந்தவள்.

"உன் மஞ்சப் பெட்டி உன்னை எந்த வரிசையிலளா நிறுத்துச்சு?"

"நிறுத்துனது போலீசுக்காரன், காங்கிரசு இல்ல. சுதந்திரம் வரட்டும், எல்லாரையும் புதுசா எழுதுவாக. அப்பப் பாரு."

சுதந்திரம் வந்தது, எழுதவும் வந்தார்கள். இருபத்தொரு வயது தாண்டிய எல்லோருக்கும் ஓட்டு என்று, மூன்று மாதத்துக்கு முன் நகராட்சிக் குமாஸ்தா சாரங்கபாணி வீடு வீடாக வந்தார். செண்பகம் சந்தைக்குப் போயிருந்தாள். முத்துக்கனி கதவுக்குப் பின்னால் நின்றாள். வேற்று ஆணிடம் பேரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கில்லை. "பால்துரை தங்கச்சின்னு எழுதிக்கிடுங்க" என்றாள். பழைய பட்டியலைப் பார்த்து, "காசிலிங்கம், ஆண். இருக்காரோல்லியோ?" என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்ல நா எழவில்லை. "ம்" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

"எம் பேரச் சொன்னியா?" என்று செண்பகம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"சொன்னேங்கா."

அந்தப் பொய்யை நம்பித்தான் அவள் காய்ச்சலில் படுத்தும் பேசிக்கொண்டிருந்தாள். "வார தேர்தல்ல உன் கையப் புடிச்சிக்கிட்டுப் பொம்பளைக வரிசையில நிப்பேன்ளா." ஒவ்வொரு தடவையும் முத்துக்கனி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள், ஒவ்வொரு தடவையும் கஞ்சியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். இனிச் சொல்லவும் ஆளில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

வேட்டியின் இரண்டு முனையும் இரண்டு பேர் கையில் இருக்கும்போதே, பட்டியலைச் சரிபார்க்கிறவராய்ச் சாரங்கபாணி குடையும் காகிதக் கட்டுமாக வாசலில் வந்து நின்றார். பலகையைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். பால்துரை விடவில்லை.

"வந்ததும் நல்லதாப் போச்சு சாமி. காசிலிங்கம் காலமாயிட்டான். பேர அடிச்சிருங்க."

குமாஸ்தா கட்டைப் பிரித்தார். சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார்.

"அடிக்காதீங்க!"

முத்துக்கனி வேட்டியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள். இத்தனை ஆண்கள் நடுவில் அவள் இப்படி நின்றதில்லை.

"அது தப்புங்கய்யா. தப்பாச் சொன்னது நாந்தான். செண்பகம்னு எழுதுங்க. பொம்பளைன்னு எழுதுங்க. பெறகு அடிங்க."

"எப்படியும் கோடு போடத்தானேம்மா போறேன்? போனவா பேரைத் திருத்தி என்ன ஆகப்போறது?"

"கோடு அவ பேரு மேல விழட்டும்யா."

சாரங்கபாணி பலகையைப் பார்த்தார். சட்டத்தில் இதற்கு இடமுண்டா என்று யோசித்தாரோ என்னவோ, கட்டிலிருந்து ஒரு படிவத்தை உருவினார்.

"திருத்தச் சொல்றது யாருன்னு எழுதணும். பால்துரை தங்கைன்னு எழுத முடியாது. உன் பேரு?"

தெருவே அவள் வாயைப் பார்த்தது. அண்ணனும் பார்த்தார்.

"முத்துக்கனி."

அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள்: "முத்துக்கனி! எழுதிக்கிடுங்க."

பேனா ஓடியது. எழுதியதை அவர் வாய்விட்டு வாசித்தார்: "செண்பகம். பெண்." பிறகு அதன் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். முற்றத்து ஓரமாக நின்றிருந்த கோமளவல்லி சுவரில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள்.

எதிர்வீட்டுப் பிலோமி, முத்துக்குளிக்கிற ரோச்சின் மனைவி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி மறைப்புக்குச் சேலை பிடித்தாள்.

பால்துரை தெருவில் இறங்கினார். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்களிடம், "ஏலே, அங்கிட்டுத் திரும்பி நில்லுங்கலே, குளிப்பாட்டுதாக" என்றார். பிறகு அவரும் வீட்டுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்றார்.